ஸ்கேனருக்குப் போட்ட பிளாஸ்டர்

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் ஒரு கரண்டி சத்தமாகக் கீழே வைக்கப்பட்டது, நினைவிருக்கும். வைத்தவள் மேஜர். "நோயாளியத் தொடாதவ நர்ஸே இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்தாள். யாரைச் சொன்னாள் என்பதில் அங்கே இருந்த யாருக்கும் சந்தேகமில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அண்ணி தண்ணீர் டம்ளரை எடுத்தாள், குடிக்காமலே வைத்தாள், எழுந்து போனாள்.

இந்த வாரம்தான் வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. மேஜர் ராணுவத்தில் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டின் பொறுப்பு நர்ஸ். சின்ன வயதில் பொம்மைகளை வரிசையாக நிறுத்தி அணிவகுப்பு நடத்தினாள் என்று, பேண்ட் மாஸ்டராக இருந்த அவள் அப்பா வைத்த பெயர் அது. ஒட்டிக்கொண்டுவிட்டது.

அண்ணி, மேஜரின் அண்ணன் மனைவி. அவளும் நர்ஸ். இரண்டு பேரும் அதே வார்டில் தோளோடு தோள் நின்று வேலை பார்த்தவர்கள். அந்த நாளில்தான் மேஜர், "என் அண்ணனைக் கட்டிக்கறியா? சாது. கண்ணாடிக் கடை வச்சிருக்கான். சொன்னா கேப்பான்" என்று தானே பேசி, தானே முடித்து, சிநேகிதியை அண்ணியாக்கிக்கொண்டாள்.

அப்படிப்பட்டவர்களுக்குள் என்ன வந்தது? அண்ணி வார்டை விட்டுக் கீழே போனதுதான் வந்தது.

ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு பதவி போட்டார்கள். செவிலியர் தகவல் பிரிவு. நர்ஸ்கள் எழுதுவதெல்லாம் கம்ப்யூட்டரில் எப்படி ஏற வேண்டும், அவசரத்தில் கை தவறாமலிருக்க எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எந்த எச்சரிக்கை எப்போது வர வேண்டும் என்பதையெல்லாம் படுக்கையருகில் நின்று பழகிய ஒரு நர்ஸ்தான் முடிவு செய்ய வேண்டும் என்று ஏற்படுத்திய வேலை. அண்ணி விண்ணப்பித்தாள், கிடைத்தது, போனாள். மேஜரைப் பொறுத்தவரை அதற்குப் பெயர் ஓடிப்போவது. அன்றிலிருந்து 'அண்ணி' என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. 'கம்ப்யூட்டர் மேடம்' என்றாள்.

இன்றைக்கு இரண்டு பேருக்கும் பரீட்சை. அண்ணி கொண்டு வந்த ஸ்கேனர்கள் இந்த வாரம் மேஜரின் வார்டில்தான் வெள்ளோட்டம். கைக்கடக்கமான கருவி. நோயாளியின் மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டியைக் காட்ட வேண்டும், பிறகு மருந்தைக் காட்ட வேண்டும். இவருக்கு இந்த மருந்து சரிதான் என்றால் ஒரு சத்தம். தப்பென்றால் கொஞ்சம் நீளமான சத்தம், திரையில் சிவப்பு. இன்று மாலை நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் வந்து, படுக்கை படுக்கையாக மருந்து கொடுத்துவரும் ஒரு சுற்றைப் பார்ப்பார். முடிந்ததும் பொறுப்பு நர்ஸிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார். மேஜர் வேண்டாம் என்று சொன்னால் ஸ்கேனர்கள் பெட்டிக்குள் போகும். அண்ணியின் பதவியையும் இழுத்து மூடிவிடுவார்கள்.

காலையில் வீட்டில் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அவ ஒரு வார்த்தை சொன்னா என் வேலை போயிடும்" என்றாள் அண்ணி, ஷூவுக்கு நாடா கட்டியபடி. மேஜை வேலைக்குப் போன பிறகும் அவள் நர்ஸ் ஷூவை விடவில்லை.

"அப்படியெல்லாம் சொல்ல மாட்டா" என்றான் கணவன்.

"சொல்லுவா."

"சொல்லுவாதான்" என்று அவன் உடனே ஒப்புக்கொண்டான். தங்கைக்கும் மனைவிக்கும் நடுவில் வாழ்கிற மனிதன் வேறெப்படி இருப்பான்? ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்து, ஏற்கெனவே துடைத்ததையே மறுபடி துடைத்தான். "நீ போய் அப்பாவப் பாத்துட்டு வா. அவர் இருந்தா அவ கொஞ்சம் அடங்குவா."

ஆமாம், அதைச் சொல்ல மறந்தேன். பேண்ட் மாஸ்டரும் அந்த வார்டில்தான் படுத்திருக்கிறார். குடலிறக்க ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, தையல் காயக் காத்திருக்கிறார். வேறு வார்டில் படுக்க முடியாது என்று அடம்பிடித்துப் பெண்ணின் வார்டுக்கே வந்தவர்.

அண்ணியின் அறை அடித்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில். சுவருக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியின் போர்வைகளெல்லாம் பெரிய மெஷின்களில் உருண்டுகொண்டிருக்கும். காலை முதல் கடகட சத்தம். பழகிவிட்டால் காதில் விழாது.

அன்று அவள் உட்கார்ந்ததும் முதலில் பார்த்தது மேஜரின் வார்டைத்தான். தப்பு என்று ஸ்கேனர் எச்சரித்ததும் நர்ஸ் நின்று, பார்த்து, திரையில் பதில் தட்ட வேண்டும். தட்ட எவ்வளவு நேரமாகிறது என்று இங்கிருந்தே தெரியும். ஆரம்ப நாள்களில் உடனுக்குடன் தட்டியிருந்தார்கள். நேற்று ராத்திரியிலிருந்து அப்படியில்லை. எச்சரிக்கை வந்து வெகுநேரம் கழித்துத்தான் யாரோ கவனித்திருக்கிறார்கள். விபரீதமாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மாத்திரையை நேரத்துக்கு முன்னால் எடுத்திருக்கிறார்கள், இன்னொன்று பக்கத்துப் பெட்டியிலிருந்து வந்திருக்கிறது. இரண்டையும் திருத்திவிட்டார்கள். ஆனால் தாமதமாக.

கருவி கத்துகிறது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன்?

வேறொருத்தியாக இருந்தால் போன் செய்து கேட்டிருப்பாள். அண்ணி மாடிப்படி ஏறினாள்.

வார்டு வாசலிலேயே மேஜர் நின்றிருந்தாள். ஒரு பார்வை பார்த்தாள். "பார்வையாளர் நேரம் சாயங்காலம்" என்று சுவரிடம் சொன்னாள்.

அண்ணி அவளைச் சுற்றிக்கொண்டு மாமனாரின் படுக்கைக்குப் போனாள். ஸ்கேனர்களைச் சார்ஜில் வைக்கும் ஸ்டாண்டுக்கு ஒட்டினாற்போல் இருந்த படுக்கை அது. மேஜரும் பின்னாலேயே வந்தாள். படுக்கைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி.

"அப்பா, கீழேருந்து வந்தவங்ககிட்ட சொல்லுங்க. இப்ப டிரெஸ்ஸிங் நேரம்."

"மாமா, உங்க பொண்ணுகிட்ட கேளுங்க. ராத்திரியிலேருந்து ஸ்கேனர் சத்தம் கேக்குதா, இல்லையான்னு."

பேண்ட் மாஸ்டர் இரண்டு பக்கமும் பார்த்தார். "வயித்துல தையல் போட்டுக்கிட்டுப் படுத்திருக்கேன். தபால்காரன் வேலைக்கு வேற ஆளப் பாருங்க."

அண்ணி ஸ்டாண்டிலிருந்து ஒரு ஸ்கேனரை எடுத்துத் திருப்பினாள். சத்தம் வருகிற துளைகளின் மேல் வெள்ளை பிளாஸ்டர் ஒரு துண்டு. அடுத்ததை எடுத்தாள், அதிலும். எல்லாவற்றிலும். சுருக்கமில்லாமல், நாலு மூலையையும் வளைத்து வெட்டி ஒட்டியிருந்தது. மூலையை வளைத்து வெட்டினால் ஓரம் பிரிந்து வராது. இந்த ஆஸ்பத்திரியில் அந்தப் பொறுமை ஒரே ஒருத்திக்குத்தான் உண்டு. அந்த ஒருத்தி படுக்கைக்கு அந்தப் பக்கம் நின்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாம்மா கேட்டேன்" என்றார் பேண்ட் மாஸ்டர். "காலமெல்லாம் கிளாரினெட் கேட்ட காதும்மா இது. அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் தூக்கி வாரிப் போடுது, தையல் சுருக்குனு இழுக்குது. என்னைய விடு. அறுத்த வயித்தோட இத்தன பேர் தூங்கறாங்க."

மேஜருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. தபால்காரரை விட்டுவிட்டு நேராகவே பேசினாள்.

"ஒருத்தருக்கு மருந்து குடுக்க வார்டையே எழுப்பணுமா? வலிக்கு மாத்திரை போட்டு இப்பதான் கண்ணை மூடியிருப்பாங்க. பக்கத்துப் படுக்கைல கீச்னு ஒண்ணு. நான் என்ன செய்யட்டும்?"

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"பண்ணினா? 'உங்கள் கருத்து பரிசீலிக்கப்படும்'பீங்க. அது வரைக்கும் இவங்க தூங்க வேணாமா?"

அண்ணிக்குக் கோபம் மூக்கு நுனி வரை வந்தது. ஒரு போன் போதும். மேட்ரனிடம், 'பொறுப்பு நர்ஸே எச்சரிக்கையின் வாயை அடைத்துவிட்டார்' என்று சொன்னால் மாலைக் கேள்விக்கே வேலையிருக்காது. நானாயிருந்தால் போட்டுக் கொடுத்திருப்பேன், பொய் சொல்வானேன். அண்ணி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மதியச் சுற்று ஆரம்பிக்கப் போகுதுல்ல? ஒண்ணுல மட்டும் பிளாஸ்டரப் பிரிச்சுக்கறேன். இங்க உக்காந்து கேக்கறேன்."

"வேலைய விட்டுட்டா?"

"இதான் என் வேலை."

மேஜர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனாள்.

மதிய மருந்துக்கு ஒரு இளம் நர்ஸ் வந்தாள். முதல் படுக்கையில் சத்தம் வந்ததுமே தூங்கிக்கொண்டிருந்தவர் துள்ளி எழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க ஐயா" என்றாள் அந்தப் பெண். அடுத்த படுக்கையிலும் மன்னிப்பு, அதற்கடுத்ததிலும். போகிற இடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மருந்து கொடுத்தாள். வார்டில் நிம்மதியாகத் தூங்கியது ஜன்னலோரப் படுக்கை மளிகைக்கடைக்காரர் ஒருவர்தான். அவருக்குக் காது மந்தம்.

அண்ணிக்கு முகம் சுருங்கிப்போனது. அதைவிட மோசமானது பிறகு வந்தது. சுற்று பாதியைத் தாண்டியபோது அந்த இளம் நர்ஸ், "இது தப்புன்னு காட்டுதே" என்று திரையைப் பார்த்துச் சொல்லி மருந்தைத் திருப்பி வைத்தாள். அண்ணி திடுக்கிட்டாள். எச்சரிக்கை எப்போது வந்தது? அவள் கேட்கவே இல்லை. வந்த சத்தத்திலெல்லாம் அதுவும் ஒன்றாகக் கரைந்துபோயிருந்தது. சத்தத்தைத் தேர்ந்தெடுத்தவள் அவள். கேட்பதற்காகவே உட்கார்ந்திருந்தவளும் அவள். அவள் காதிலேயே அது ஏறவில்லை.

பிளாஸ்டர் ஒட்டினால் என்ன, ஒட்டாவிட்டால் என்ன? இரண்டும் ஒன்றுதான்.

எழுந்து நேராக மேஜரிடம் போனாள்.

"தப்பு என்னுதுதான்."

வாக்குவாதத்துக்குத் தயாராக நின்ற மேஜர் ஒரு வினாடி தடுமாறினாள். "எது?"

"சலவை அறை பக்கத்துல உக்காந்து இந்தச் சத்தத்த வச்சேன். மெஷின் ஓடிட்டு இருந்தது. எனக்குக் கேக்கலைன்னு ஏத்திக்கிட்டே போனேன். ஏத்தி முடிச்சு, ஆ, இப்ப சரியா இருக்குன்னேன்." சொல்லும்போதே அசடு வழிந்தது. "வார்டுல ஒரு தடவ வந்து வச்சுப் பாத்திருக்கணும். பாக்கல."

மேஜருக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கினாள். இன்னும் சண்டையில்தானே இருக்கிறார்கள்.

"சரியா இருந்தா சத்தமே வேணாம்" என்று அண்ணி தொடர்ந்தாள். "கையில லேசா ஒரு அதிர்வு போதும். தப்பா இருந்தா மட்டும் வாயத் திறக்கட்டும். எப்பவும் கத்தறவன் பேச்ச யார் கேக்கறா? என்னிக்கோ ஒரு நாள் வாயத் திறக்கறவன் பேசினாத்தான் எல்லாரும் திரும்புவாங்க."

"கையுறை போட்டிருந்தா அதிர்வு தெரியுமா?"

அதை அண்ணி யோசிக்கவில்லை.

"டிரெஸ்ஸிங் முடிச்சுட்டு ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு கையுறை போட்டுக்கிட்டுக்கூட வருவோம்" என்றாள் மேஜர். "கைல ஈரம் வேற இருக்கும். பாத்தீங்களா?"

"இப்ப பாப்போம். கையுறை குடு."

அங்கேயே, நர்ஸ் மேஜையருகில் நின்று, இரண்டு கையுறை மாட்டிக்கொண்டு பார்த்தார்கள். முதலில் தெரியவில்லை. அண்ணி கம்ப்யூட்டரில் அதிர்வைக் கூட்டினாள். மேஜர் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாள். "இன்னும் கொஞ்சம். போதும். ஐயோ, இது அதிகம், தவளையப் பிடிச்ச மாதிரி துள்ளுது. குறைங்க. ஆங், இது சரி." அதற்கப்புறம் தப்புக்கான சத்தம். கருவிக்குள் இருந்த சத்தங்களையெல்லாம் ஒவ்வொன்றாக மெதுவாக ஒலிக்கவிட்டு மாமனாரின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் எலுமிச்சையைக் கடித்தவர் போல் முகத்தைச் சுளித்தார். ஒன்றே ஒன்றுக்குச் சுளிக்கவில்லை. மேலிருந்து கீழே இறங்குகிற இரண்டு ஸ்வரம்.

"இது பரவால்ல" என்றார். "மத்ததெல்லாம் துருப்பிடிச்ச கதவு." பிறகு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "தபால்காரனுக்கு வேலை போயிடுச்சு போலிருக்கே."

அப்போதுதான் இரண்டு பேருக்கும், தாங்கள் பேசிக்கொள்வதில்லை என்பது நினைவு வந்தது. மேஜர் கையுறையைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டாள். அண்ணி தொண்டையைச் செருமிக்கொண்டு மேட்ரனுக்குப் போன் செய்தாள். எதை, ஏன் மாற்ற வேண்டும் என்று விளக்கிச் சொன்னாள். பிளாஸ்டரைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. மேட்ரனின் பதில் சுருக்கமாக வந்தது. அந்த ஒரு வார்டில் மட்டும், மாலைச் சுற்றில் மட்டும், தன் கண் முன்னால் மட்டும்.

"சாயங்காலம் அவங்க கேட்டா உள்ளத உள்ளபடிதான் சொல்வேன்" என்றாள் மேஜர், பிளாஸ்டர்களை ஒவ்வொன்றாகப் பிரித்தபடி. "சொந்தம் பந்தமெல்லாம் பாக்க மாட்டேன்."

"பாக்க வேணாம்" என்றாள் அண்ணி.

பிளாஸ்டர் பிரிகிற சத்தத்தைப் பேண்ட் மாஸ்டர் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மருமகள் மேல் அவருக்கு நம்பிக்கை உண்டு. கருவிகள் மேல் இல்லை. ஜன்னலோர மளிகைக்கடைக்காரரின் கண்ணில் படும்படி கையை ஆட்டி ஏதோ ஜாடை காட்டினார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

மேட்ரன் மாலையில் வந்தார். அதிகம் பேசாத மனுஷி. நோயாளிகளின் நகத்தையும் நர்ஸ்களின் முகத்தையும் பார்த்தே வார்டின் நிலவரத்தைத் தெரிந்துகொள்வார் என்று சொல்வார்கள். "ஆரம்பிங்க சிஸ்டர்" என்றார் மேஜரிடம். அண்ணி கதவோரமாக நின்றுகொண்டாள். அவள் செய்ய வேண்டியதெல்லாம் முடிந்திருந்தது. இனி நிற்பதுதான் வேலை, அது எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

மேஜர் வண்டியைத் தள்ளிக்கொண்டு முதல் படுக்கைக்குப் போனாள். பட்டியைக் காட்டினாள், மாத்திரையைக் காட்டினாள். ஒரு சத்தமும் இல்லை. கையில் மட்டும் ஒரு சின்னத் துடிப்பு வந்திருக்க வேண்டும், அவள் புருவம் லேசாக உயர்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த அடுத்த மனிதர் பட்டியை ஸ்கேன் செய்யும்போது அசையவில்லை. மருந்து நேரத்துக்கு மேஜர்தான் தோளைத் தொட்டு எழுப்பினாள். அவர் எழுந்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "இன்னிக்கு என்ன இவ்வளவு அமைதி?" என்றார்.

வார்டில் பேச்சுக்குரல் தெளிவாகக் கேட்டது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம், யாரோ பத்திரிகையைப் புரட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. அந்த இளம் நர்ஸ் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அண்ணிக்கு அதைப் பார்க்கப் பார்க்க மனசு லேசாகிக்கொண்டே வந்தது.

ஜன்னலோரப் படுக்கை வந்தது. மளிகைக்கடைக்காரருக்குச் சர்க்கரை உண்டு. மாலைச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி. மனிதர் தலையோடு கால் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார், ஒரு கை மட்டும் வெளியே. கூப்பிட்டால் கேட்காது என்பதால் மேஜர் வழக்கப்படி கூப்பிடவில்லை. ஊசியில் மருந்தை ஏற்றித் தட்டில் வைத்தாள். வெளியே கிடந்த கையை எடுத்து, ஸ்கேனரில் பட்டியைக் காட்டினாள், மருந்துக் குப்பியைக் காட்டினாள்.

இரண்டு ஸ்வரம். மேலிருந்து கீழே.

பெரிய சத்தமில்லை. ஆனால் அந்தச் சுற்று முழுவதும் கேட்ட முதல் சத்தம் அது. பத்திரிகை படித்தவர் தலையைத் தூக்கினார், இளம் நர்ஸ் திரும்பினாள், மேட்ரன் ஒரு அடி முன்னால் வந்தார். ஊசிக்காக நீண்ட மேஜரின் கை பாதியில் நின்றது. திரை சிவப்பாக இருந்தது. அவள் போர்வையைப் பிடித்து இழுத்தாள்.

உள்ளே அவள் அப்பா. இரண்டு காதிலும் பஞ்சு.

"பஞ்சு வச்சும் கேக்குதே" என்றார் பேண்ட் மாஸ்டர் சந்தோஷமாக. "நல்ல ஸ்வரந்தான் எடுத்திருக்கோம்."

மேஜர் தட்டில் இருந்த ஊசியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். சர்க்கரையே இல்லாத உடம்பில் அந்த ஊசி ஏறினால் என்ன ஆகும் என்று அந்த அறையில் எந்த நர்ஸுக்கும் சொல்லத் தேவையில்லை. காலையில் இருந்த மாதிரி அந்தத் துளைகளின் மேல் தன் பிளாஸ்டர் இருந்திருந்தால்? சத்தம் வந்திருக்காது. கண் திரைக்குப் போகுமுன் கை ஊசிக்குப் போயிருக்கும். நோயாளியின் படுக்கையில் யாரும் உட்காரக் கூடாது என்று வார்டையே விரட்டுகிறவள், அப்பாவின் கால்மாட்டில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"படுக்கை மாத்திக்கிட்டீங்களா?"

"பிளாஸ்டரப் பிரிச்சியே, மறுபடி கீச் கீச்சுன்னு ஆரம்பிச்சுடுமோன்னு" என்று பேண்ட் மாஸ்டர் இழுத்தார். பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் அவர் சந்தோஷமெல்லாம் வடிந்துவிட்டது. "ஸ்டாண்டு பக்கத்துலதானே என் படுக்கை. அவருக்குத்தான் காது கேக்காதே. அவரும் பாத்ரூம் பக்கமா வேணும்னார். நீ டீ குடிக்கப் போனப்ப..."

"யார்கிட்டயும் சொல்லல."

"சொன்னா விட மாட்டியே."

"அப்பா, நீங்க..." என்று ஆரம்பித்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதே நேரம் சிரிப்பும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்து விட்டாள். மேஜர் அழுது அந்த வார்டு பார்த்ததில்லை. மேட்ரன் நாசூக்காக ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அந்தப் பக்கம், ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் படுக்கையில், நடந்தது எதுவும் தெரியாமல் மளிகைக்கடைக்காரர் கண்ணைத் திறந்து, "என் ஊசி என்னாச்சு?" என்று உரக்கக் கேட்டார்.

மேஜர் எழுந்து தட்டை எடுத்தாள். கதவோரம் நின்றிருந்தவளைப் பார்த்தாள்.

"அண்ணி" என்றாள்.

அண்ணிக்குத் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று புரியச் சற்று நேரம் பிடித்தது. அந்த வார்த்தையைக் கேட்டு அவ்வளவு நாளாகியிருந்தது.

"அண்ணி, ஐயாவுக்கு ஊசிய நீங்க போடுங்க. என் கை நடுங்குது."

அண்ணி மேட்ரனைப் பார்த்தாள். மேட்ரன் தலையசைத்தார். அவள் போய்க் கை கழுவினாள், மெதுவாக, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து. கையுறை போட்டாள். மேஜர் ஏற்றியிருந்த ஊசியை ஒதுக்கி வைத்துவிட்டுப் புதிதாக மருந்தை ஏற்றினாள், அடுத்தவர் ஏற்றியதைப் போடும் பழக்கம் அவளுக்கு எப்போதும் இல்லை. மளிகைக்கடைக்காரரின் பட்டியைக் காட்டினாள், மருந்தைக் காட்டினாள். கையில் துடித்தது. எங்கே போடட்டும் என்று ஜாடையில் கேட்டு, அவர் காட்டிய கையில், சதையைப் பிடித்துப் போட்டாள். கை மறக்கவில்லை. அதில் அவளுக்கே ஒரு நிம்மதி.

"போட்டாச்சா?" என்றார் அவர். "தெரியவே இல்லையேம்மா. புதுசா வந்த நர்ஸா?"

"பழைய நர்ஸ்தான்" என்றாள் மேஜர் அவர் காதருகே சத்தமாக.

சுற்று முடிந்தது. மேட்ரன் கேள்வியைக் கேட்குமுன் மேஜர் முந்திக்கொண்டாள். "மேடம், நேத்து ராத்திரி எல்லா ஸ்கேனர்லயும் பிளாஸ்டர் ஒட்டினது நான்."

"ஒட்ட வச்சது நான்" என்றாள் அண்ணி. "அந்தச் சத்தத்த வச்சவ நான்தான்."

"கேட்டது நான்" என்று ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"குற்றவாளிங்க எல்லாரும் ஒரே குடும்பமா?" என்றார் மேட்ரன். உதட்டோரம் கொஞ்சம் அசைந்ததைச் சிரிப்பு என்றே வைத்துக்கொள்ளலாம். "பிளாஸ்டர் விஷயத்த நாளைக்கு என் அறையில பேசிக்கலாம். இப்ப சொல்லுங்க சிஸ்டர். இது மத்த வார்டுக்கும் போகலாமா?"

மேஜர் கையிலிருந்த ஸ்கேனரை ஸ்டாண்டில் வைத்தாள்.

"போகலாம் மேடம். ஆனா ஒண்ணு. இதுல கை வைக்கறவங்க நர்ஸா இருக்கணும். வார்டுல வந்து உக்காந்து, தன் காதால கேட்டு, தப்புன்னா தப்புன்னு ஒத்துக்கற நர்ஸா இருக்கணும். எங்க அண்ணி மாதிரி."

போன வாரம் 'நர்ஸே இல்ல' என்று சொன்ன அதே வாய்தான். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். ஷூ நாடாவைச் சரி செய்வது போல் பாவனை செய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"எல்லா வார்டுக்கும்னா அவங்க ஒருத்தரால ஆகாது" என்றார் மேட்ரன், கிளம்பிக்கொண்டே. "இன்னொரு நர்ஸ் வேணும். கையுறை போட்டா தெரியுமான்னு கேக்கத் தெரிஞ்ச நர்ஸ். திங்கள்கிழமைக்குள்ள சொல்லுங்க." அதை மேஜரைப் பார்த்துத்தான் சொன்னார்.

அண்ணியை லிஃப்ட் வரை கொண்டுபோய் விட மேஜர் வந்தாள். பையில் கையை விட்டு, பிரித்த பிளாஸ்டர்களை ஒரு உருண்டையாக எடுத்து அண்ணியின் கையில் வைத்தாள். "ஞாபகத்துக்கு வச்சுக்குங்க."

"மூலைய அழகா வெட்டியிருந்த."

"எதச் செஞ்சாலும் ஒழுங்கா செய்யணும்ல."

லிஃப்ட் வர நேரமாயிற்று. மேஜர் தரையைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், எண்கள் மாறுவதைப் பார்த்தாள்.

"அந்தச் சலவை மெஷின் சத்தம் ரொம்ப இருக்குமோ?" என்று எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள்.

அண்ணி சட்டென்று திரும்பினாள். மேஜர் அவசரமாகக் கையைத் தூக்கினாள். "சும்மா கேட்டேன். எனக்கு வார்டு இருக்கு. இவங்கள விட்டுட்டு எங்க வரது? அப்பாகிட்ட எதையும் உளறிடாதீங்க. வீடு பூரா தம்பட்டம் அடிச்சுடுவார்."

லிஃப்ட் கதவு திறந்தது. அதே நேரம் வார்டுக்குள்ளிருந்து சீழ்க்கைச் சத்தம் ஒன்று மிதந்து வந்தது. யாருக்காவது பதவி உயர்வு கிடைத்தால் பேண்ட் மாஸ்டர் தன் குழுவை நிறுத்தி வாசிக்கவைக்கும் அணிவகுப்பு மெட்டு. பஞ்சை எப்போதோ எடுத்துவிட்டிருந்தார். மேஜர் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். அண்ணி லிஃப்டுக்குள் போகாமல், கதவைக் கையால் பிடித்தபடி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.